குறைந்த மருந்து

பிப்ரவரி. வடக்கு டகோட்டா.
கார் ஷெட்டுக்குள் விடுகிற மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது.
ஹீட்டர் ஒரு காலை மட்டும் சுடுகிறது.
ஆர்லோ ஸ்வென்ரூட் காபி டப்பாவைக் கவிழ்க்கிறான்:
சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள்
உண்டியல் உடைந்த சில்லறையாய்
மேசையெல்லாம்.

காசில்லாமல் இல்லை.
கடைத் தோட்டா உதைக்கிறது, அதுதான்.
நவம்பரில் தபால் பெட்டி வரை நடந்தவனைப்
பனிக்கட்டி வாரிவிட்டது.
மணிக்கட்டுக்குள் இப்போது ஒரு தகடு, ஆறு திருகு.
டாக்டர் எழுதிய மருந்து, வந்த வலி போக;
தராசில் இவன் நிறுக்கும் மருந்து,
வலி வராமலிருக்க.
இரண்டுக்கும் ஒரே பெயர் நம்மிடம்.
அவனுக்குத் தெரிந்தால் சிரிப்பான்.

ஒவ்வொரு கூட்டையும் தலைகீழாக்கி
விளக்கடியில் பார்க்கிறான்.
வாய் கிழிந்தது ஒன்று, குப்பைக்கு.
அதன் அடியில் பச்சை மையால் ஒரு கோடு.
அடுத்ததிலும் பச்சைக் கோடு.
அதற்கடுத்து, நாலு தள்ளி, இன்னொன்று.

பச்சைக் கோடு ஆர்டித்துடையது.
செப்டம்பரில் கிளப் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும்,
"என் கூடுகளைப் பொறுக்குவது யார்?" என்றாள்.
ஆர்லோ கூரையைப் பார்த்தான்.
அன்றிலிருந்து பேச்சில்லை,
அதிலும் கோபித்துக்கொண்டவன் இவன்.

கோட்டைத் துடைத்துவிடலாம்.
ஸ்பிரிட் பாட்டில் ஷெட்டின் அந்தக் கோடியில்,
ஹீட்டர் இந்தக் கோடியில்.
துடைக்கவில்லை.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இங்கே பித்தளை வாயை அகட்டி
ஈயத்தைக் கவ்விக்கொள்கிறது.
நெம்புகோல் ஒருமுறை இறங்கி ஏறினால்
உறவு முடிந்தது.

இதற்குக் கீழே போகாதே என்று
புத்தகத்தில் ஓர் எண், தடித்த எழுத்தில்.
கொஞ்சம் போனான்.
சோற்றில், உப்பில், கடனில்
கொஞ்சம் என்றால் கொஞ்சம்.

புதன் இரவு, கிளப்.
முதல் மூன்றும் பூனைத் தும்மல்.
அட்டையில் மூன்று துளை, மணிக்கட்டில் வலியே இல்லை.
நாலாவது
டொப்.

அட்டையில் துளை மூன்றுதான்.
விரல், தன் பாட்டுக்கு,
ஐந்தாவதை இழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்து!"

பக்கத்துத் தடத்திலிருந்து ஆர்டித்.
ஐந்து மாதத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் சொல்
காதுமூடியையும் துளைத்துக்கொண்டு வந்தது.

துப்பாக்கியை வாங்கி உருளையைத் திறந்தாள்,
ஆறையும் உள்ளங்கையில் உதிர்த்தாள்,
குழலுக்குள் கம்பியை விட்டாள்.
பாதியில் நின்றது கம்பி.
உள்ளே குந்தியிருந்தது ஈயம்,
வெளியே போகப் பலமில்லாமல்,
பின்னால் வருகிறவனுக்கு வழியும் விடாமல்.
ஐந்தாவது போயிருந்தால்
தகடு வைக்க மணிக்கட்டைத் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்த நாலாவது கூட்டைத்
திருப்பிப் பார்த்தாள்.
பச்சை.

ஆர்லோ கூரையைப் பார்த்தான்.

"இந்தக் கூரையிலும் ஒன்றும் எழுதியில்லை" என்றாள்.
கூடு அவள் கோட்டுப் பைக்குள் போனது.
"சனிக்கிழமை வருகிறேன்.
மிச்சம் அத்தனையையும் பிரிக்கணும். சுத்தி என்னிடம் இருக்கிறது."

சனிக்கிழமை
தட்டித் தட்டிப் பிரித்தார்கள்.
ஒரு கிண்ணத்தில் ஈயம், ஒன்றில் மருந்து,
ஒன்றில் பித்தளை.
யாரும் கேட்காமலே நாலாவதாய் ஒரு கிண்ணம்,
அதில் பச்சை மட்டும்.
வேலைக்கு நடுவே மன்னிப்பு என்று எதுவும் பேசப்படவில்லை.
காபி இரண்டு முறை கொதித்தது.

எண்ணி முடித்தாள்.
"நாற்பத்தொன்று. நான் தொலைத்தது நாற்பத்து மூன்று.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்."
"ஒன்று வாய் கிழிந்து குப்பைக்குப் போனது."
"சரி. இன்னொன்று?"

ஆர்லோ இந்தமுறை கூரையைப் பார்க்கவில்லை.
ஆணியில் தொங்கிய அவள் கோட்டைப் பார்த்தான்,
அவளும் திரும்பிப் பார்க்கிற வரை.