வந்த திகதி

முதலில் விதி:
கேட்டதைச் சொல்லலாம்; கேளாததைச் சொல்லக்கூடாது.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும்.
பதினொரு வருடமாக, பேர்ன் நகரில்,
யார் யாருடையவோ 'நான்' எல்லாம்
என் வாய்க்குள்ளால் ஜேர்மனுக்குப் போயிருக்கிறது.
பெயர்களை இங்கே எழுதமாட்டேன்.
கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, அண்ணன்.
கதவை உடைத்தது ஒன்பதாம் திகதி என்றார்.
நாய் குலைக்கவில்லை.
புதன்கிழமை, அதே கதிரையில், தங்கை.
பதினொன்றாம் திகதி. நாய் குலைத்தது,
குலைத்துக் குலைத்துத்தான் எங்களை எழுப்பியது.

அதிகாரி கெட்டவரில்லை.
எனக்கும் தண்ணீர் ஊற்றி வைப்பவர்.
இரண்டு கோப்புகளையும் அருகருகே விரித்துப்
பச்சைப் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.
அவர் சொன்ன நீண்ட ஜேர்மன் வசனத்தில்
தமிழுக்கு மிஞ்சியது ஒரு சொல்:
முரண்.

அன்றிரவு சிம்மர்வால்ட் குன்றுக்குப் போனேன்,
நட்சத்திரம் காட்டுகிறார்கள் என்று.
முகில். கூரையைத் திறக்கவில்லை.
பன்னிரண்டு பிராங்கைத் திருப்பித் தர மனமில்லாமலோ என்னவோ
ஊர்சினா என்ற பெண் சுவரில் ஒரு படம் போட்டாள்.
நடுவில் மங்கலாய் ஒரு விண்மீன் மண்டலம்,
சுற்றிவர நாலு பொட்டு.

நாலும் ஒரே நட்சத்திரம், என்றாள்.
ஒரே வெடிப்பு.
ஒளி கிளம்பித் தொள்ளாயிரம் கோடி ஆண்டுக்கு மேல்;
அப்போது பார்க்கக் கண் இல்லை,
கண் முளைக்கப் பூமி இல்லை,
ஆண்டு என்று எண்ண ஒரு சூரியனும் இல்லை.
வழியில் பாரமான ஏதோ குறுக்கே நின்றிருக்கிறது.
பாரம் ஒளியை வளைக்கும்.
ஒரு கீற்று இந்தப் பக்கத்தால், இன்னொன்று அந்தப் பக்கத்தால்,
பாரத்துக்குக் கிட்டவாகப் போனது கொஞ்சம் சுணங்கி,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் வந்து சேர்ந்தது.

"அப்ப எது சரியான திகதி?"
பின்வரிசையில் ஒரு பையன், வாயில் பிஸ்கட்டுடன்.

எல்லாம் வந்த திகதி, என்றாள்.
நடந்த திகதிக்கு இங்கே ஒருவரும் இல்லை.
வித்தியாசத்தை நாங்கள் எறிவதில்லை.
அதை வைத்துத்தான்
குறுக்கே நின்றது என்ன எடை என்று கணக்குப் பார்க்கிறோம்.

ரிக்கெற்றின் பின்பக்கத்தில் 'எடை' என்று எழுதினேன்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம், என் வாயால் போனது மட்டும்:
லொறிக்கு அடியில் முப்பத்தொரு மணி நேரம், அவர்.
அவள், அந்த மற்ற வீட்டைப் பற்றிக் கேட்டபோது
மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு இருந்தாள்.
மௌனத்தை நான் மொழிபெயர்ப்பதில்லை.
அதிகாரியே தட்டச்சு செய்தார்:
இடைவேளை, ஏழு நிமிடம்.

இன்னொரு கீற்றுப் பாக்கி இருந்தது, என்றாள் ஊர்சினா.
ஏறக்குறைய ஒரு வருடம் பிந்தி, இந்த மூலையில் தெரியும் என்று
முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுக்
கமராவைத் திருப்பிக் காத்திருந்தார்கள்.
வந்தது.
எல்லோரும் கைதட்டினோம்,
வெடித்ததற்கில்லை, சொன்னபடி வந்ததற்கு.

கடைசிப் பேருந்து 22.14. 22.14க்கு வந்தது.
ஜன்னலோரம் இருந்தபோதுதான் நினைவு வந்தது,
கோப்பில் மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு.
இளையவன். அப்போது ஏழு வயது.
கடைசியாகப் பேசியது சேர்பியாவிலிருந்து.
அவனும் வருவான், ஒரு திகதியோடு.
அவன் பக்கம் எந்தக் கமராவும் திரும்பியிருக்கவில்லை.

வியாழன் காலை மிச்சப் பக்கங்கள்.
தமிழில் நான் வாசிக்கவேண்டும்,
பக்கத்துக்குப் பக்கம் அவள் ஒப்பமிடவேண்டும்.
பதினேழாம் பக்கம்: "நாய் குலைத்தது."
தலையாட்டினாள். "ஓம், குலைச்சது.
இப்பவும் குலைக்குது."

மொழிபெயர்த்தேன்.
அதிகாரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.
காலத்தில் பிழை விட்டுவிட்டீர்களா, என்று என்னைக் கேட்டார்.

கேட்டதைச் சொல்லலாம்.
இல்லை, என்றேன்.