பொருள் எண் நான்கு

தல்லாகுளத்தில் வாடகை மண்டபம்.
மேடைச் சுவரில் நேற்றைய கல்யாணத்தின்
தெர்மாகோல் எழுத்துகள் பாதி பிய்ந்து தொங்க,
அவற்றின் முன்னால் ஆணையத்தார் மூவர்.
நான் சுருக்கெழுத்தர். இடது ஓரம், ஆடும் மேசை.

முதல் மூன்று பொருளும் வழக்கமான சண்டை.
நான்காவதில் பென்சில் நின்றுவிட்டது.
சூரியப் புயலுக்கு என் சுருக்கெழுத்தில் குறியில்லை.
ஒரு வட்டம் போட்டு
மேலே ஒரு கீறல் இழுத்துக்கொண்டேன்.

செயற்பொறியாளர் எழிற்செல்வி சொன்னார்:
சூரியன் எப்போதாவது தும்மும்.
மழை வராது, இடி வராது, ஓடு பறக்காது.
பூமியின் காந்தம் நடுங்கும்.
அந்த நடுக்கம் நீளக் கம்பிகளில் மின்சாரமாகும்,
நாமே மண்ணில் இறக்கிய எர்த் கம்பி வழியே ஏறி
டிரான்ஸ்பார்மரின் வயிற்றைச் சூடாக்கும்.
வெந்துபோனால் புதிது வர ஒன்றரை வருடம்.
தடுக்கக் கருவி உண்டு.
யூனிட்டுக்கு மூன்று பைசா கேட்கிறோம்.

"எப்ப வரும்?"
"தெரியாது."
"வருமாங்க, முதல்ல?"
"வடதுருவப் பக்கம் அதிகம். இங்கே குறைவு.
ஆனால் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, பக்கத்தில்தான்.
குறைவு என்று எழுதலாம்.
இல்லை என்று எழுத முடியாது."
எழுதினேன்.

செல்லூர் விசைத்தறி குபேந்திரன் எழுந்தார்:
"தறிக்குத்தான் கரண்டு வாங்குறேன்,
வானத்துக்கு வாடகை கட்ட முடியாது."
ஐஸ் கம்பெனி அபுதாகிர்:
"கரண்டு போயி என் ஐஸ் உருகுனப்ப
எந்தப் பய மூணு பைசா தந்தான்?"
கப்பலூர் சங்கத்துச் செயலாளருக்கு ஒரு யோசனை:
வெயிலை விற்றுச் சம்பாதிக்கிற
சோலார் கம்பெனிகள் கட்டட்டும்.
சோலார் கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி:
"எங்கள் ஒப்பந்தம் வெளிச்சத்துக்கு மட்டும்."
மண்டபமே சிரித்தது. சிரிப்புக்கும் குறியில்லை.
மாநிலம் மத்தியைக் காட்ட,
மத்தியிலிருந்து வந்தவர் வாட்ச்சைப் பார்த்தார்.

பிறகு கடைசி வரிசையில் ஒச்சம்மாள்,
உசிலம்பட்டிக்கு மேற்கே ஏதோ ஊர்.
பம்புசெட்டுக்குப் பகலில் கரண்டு கேட்டு
பொருள் எண் இரண்டுக்கு வந்தவர், போகாமல் இருந்தார்.
"இலவச மோட்டாருக்கு இந்த மூணு பைசா உண்டா?"
"இல்லைம்மா."
"அப்ப நான் பேசலாமா?"
"சுருக்கமாக."
"ஒன்றரை வருசம் இல்லேன்னு ஆயிப்போச்சு.
கொஞ்சூண்டு கரண்டுதான் மிச்சம்.
மொத யாருக்குத் திருப்பி விடுவீக?"

எழிற்செல்வி கோப்பைப் புரட்டினார்.
ஆஸ்பத்திரி, குடிநீர், ரயில், விமானநிலையம்,
கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆலைகள்...
"பட்டியல் இருக்குல்ல?"
"இருக்கிறது."
"எங்க ஊரு எத்தனாவது?"
பக்கம் புரண்டது. இன்னொன்றும் புரண்டது.
"ஆஸ்பத்திரிய விடுங்க, அது எல்லாருக்கும்.
மத்தபடி பட்டியல்ல மேல இருக்கிறவுக மொதக் கட்டட்டும்.
எங்க பேரு வர்ற அன்னைக்கு
நானும் முந்தானைய அவுக்குறேன்."

தலைவர் மைக்கைத் தட்டினார்.
"இது பொருளுக்குத் தொடர்பில்லாதது.
குறிப்பிலிருந்து நீக்குக."

நீக்கினேன்.
கோடு மட்டும் மெலிதாக விழுந்தது,
அடியில் எல்லாம் வாசிக்கும்படி.

தீர்மானம்: ஒத்திவைப்பு.
மண்டப வாடகையும் நூற்றிருபது டீயும்
யார் கணக்கில் என்று வாசலில் வேறொரு சண்டை.

ஒத்தக்கடை வீட்டில் மீட்டர் 498.
ஐந்நூறைத் தாண்டினால் பில் எகிறும்,
நாளை மறுநாள்தான் கணக்கெடுப்பு.
விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்:
என் பங்கு பதினான்கு ரூபாய் தொண்ணூற்று நாலு காசு.
கட்டியிருப்பேன். ஒரு டீக் காசுதானே.
யாரும் கேட்கவில்லை,
சுருக்கெழுத்தருக்கு எந்தப் பொருளிலும் பேச்சில்லை.

வியர்வை சொட்டி
நோட்டில் அந்த வட்டத்தின் மேல் விழுந்தது.
கொஞ்சம் பரவி, காய்ந்தது.