குறுக்கே

பிரசிலியாவில் ஆகஸ்ட்.
காற்றில் ஈரம் பன்னிரண்டு சதவீதம் என்கிறது வானொலி.
நனைத்த துண்டை நாற்காலி முதுகில் போட்டுத் தூங்குகிறேன்,
காலையில் அது அப்பளம்.

மூன்றாம் மாடி. சமையலறைப் பின்சுவர் முழுக்கத்
துளையிட்ட சிமெண்ட் கற்கள்.
வெயில் அதில் சலித்து இறங்கிப்
பாத்திரங்களின் மேல் கட்டம் போடுகிறது.
வரைந்தவர் அதைக் கணக்கில் வைத்திருப்பார்.
ஒரு துளையில் நான் தீப்பெட்டி வைத்திருப்பதை
வைத்திருக்க மாட்டார்.

ஊர் ஊராய்ப் போய்க் கட்டடம் எடுப்பவள் நான்.
ரோட்டர்டாமில் மழை நிற்கக் காத்திருந்தேன்,
ஒசாகாவில் ஒரு கிரேன் நகர.
எங்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்:
யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு காட்சிக்கூடம். பதினோரு நிமிடப் படம்.
வெள்ளைக் கவிகை, வளைந்திறங்கும் சாய்தளம்.
உள்ளே சாம்பல் திரைச்சீலையில்
ஒரேயொரு சிவப்புக் கோடு.
அதற்கு ஒரு கயிறு, ஒரு காவலாளி, காப்பீடு.

மாலை ஐந்து பன்னிரண்டுக்குச்
சாய்தளத்தின் நிழல் வெளியே புல்லில் நீளும்.
நான்கு நிமிடம்.
அந்த நான்கு நிமிடத்தில்தான் அவள் வந்தாள்,
ஐஸ் விற்றுத் தீர்ந்த தெர்மோகோல் பெட்டியோடு.

இந்த நகரத்தைக் காருக்காக வரைந்தார்கள்.
நடக்கிறவர்கள் பிறகு வந்து
தங்கள் கோட்டைக் காலால் போட்டார்கள்.
காய்ந்த புல்லைக் கிழித்துச் செம்மண்ணில்
ஒற்றையடிப் பாதைகள்,
பேருந்து நிற்குமிடம் தெரிந்தவை.
விமானத்திலிருந்து பார்த்தால்
யாரோ விடைத்தாள் திருத்தியது போலிருக்கும்.

முதல் நாள் நிறுத்தச் சொன்னேன்.
இரண்டாம் நாள் கேமராவைப் பார்த்துவிட்டாள்,
வாயைப் பொத்திச் சிரித்தாள், நின்றாள், போனாள்.
நிழலும் போயிற்று.
திட்டினேன். உரக்க இல்லை.

மூன்றாம் நாள் அவள் வரவில்லை.
காட்சி சுத்தமாக விழுந்தது.
போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது
ஜெனிவால்டோ என் தோளைத் தட்டினான்: அங்கே.

தார்ச்சாலை வளைவில், நடைபாதையே இல்லாத ஓரத்தில்,
ஒவ்வொரு பேருந்துக்கும் ஒதுங்கி ஒதுங்கி
பெட்டியோடு அவள்.
முக்கால் கிலோமீட்டர் சுற்று.

ஓடினேன். மூச்சு வாங்க நின்றேன்.
"முடிஞ்சுதா?" என்றாள். "நிழல் நல்லா விழுந்துதா?"
பேர் ஜுரேமா. பதினோரு வருடமாக அந்தப் பாதை.
"ஜூன்ல வந்திருக்கணும் நீங்க.
அந்தக் கல்பெஞ்சு வரைக்கும் வரும்."
மன்னிப்பை எந்த இடத்தில் நுழைப்பது என்று தெரியாமல்
பெட்டியை வாங்கிக்கொண்டேன்.
காலிப் பெட்டி. கனமே இல்லை.

திரும்பி வந்து பார்க்கிறேன்,
என் முக்காலியின் ஒரு கால்
அவள் பாதையின் நடுவில் ஊன்றியிருக்கிறது.

நேற்று பணம் போடுபவர்களிடமிருந்து கடிதம்.
நன்றாக வந்திருக்கிறதாம்.
ஒரே ஒரு திருத்தம்:
ஒன்பதாவது நிமிடத்தில் புல்லில் தெரியும்
அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்க முடியுமா?

இன்னும் பதில் போடவில்லை.
மணி பதினொன்று.
துண்டை நனைக்க வேண்டும்.