ஆறேகால்

நாற்பது வருடம் படகு வரைந்தேன்.
கயிறு, நங்கூரம், வலையில் ஒட்டிய செதில் வரை.
வங்கிகளின் வரவேற்பறையில்
இன்னும் தொங்குகின்றன.

வலது கண்ணில் புரை எடுத்துக்
கட்டைப் பிரித்த அன்று
எழும்பூர் ஆஸ்பத்திரிச் சுவர் நீலம்.
அந்தக் கண்ணை மூடி
இடது கண்ணால் பார்த்தேன்:
அதே சுவர், ஆறிப்போன டீ.

இத்தனை நாள் எதை வெள்ளையென்று விற்றேன்?

இப்போதெல்லாம் முதல் ரயிலில் எண்ணூர்.
புகைபோக்கிகள். சாம்பல் படிந்த கழிமுகம்.
அழகென்று ஒன்றுமில்லை.
ஆறேகாலுக்கு மட்டும்
அந்தச் சாம்பல்மேல் ஏதோ வந்து நிற்கும்,
நாலு நிமிடம்,
ஒரு கண்ணுக்குப் பால்
மறு கண்ணுக்குப் பித்தளை.
இரண்டையும் பூசுகிறேன்.
இடது கண்ணுக்கு டாக்டர் தந்த தேதியை
மூன்று முறை தள்ளியாயிற்று.

படகு எங்கே என்கிறார் காலரிக்காரர்.

இடுப்பளவு நீரில்
இறால் தடவும் காத்தாயி கரையேறி வந்தாள்.
"என்னயும் வரஞ்சியா?"
காட்டினேன்.
ஆளில்லை, கரையில்லை,
ஒளி லேசாக வளைந்திருக்கும் ஓரிடம்தான் அவள்.
ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.

"இது செவ்வாக்கெழம தானே?
அன்னிக்கு ஒரு எறாலும் மாட்டல."