கையிருப்பு: கழித்தல் ஒன்று

கோலக்கெட்டிலில் டயர்க்கடை மாடியில் எங்கள் கிடங்கு.
படி பதினேழு. லிஃப்ட் கிடையாது.
தவுக்கே லிம் சுவரில் ஒட்டிய தாளில்
ஆங்கிலச் சொற்கள் முப்பது.
அவற்றை ரோஸ்னாவுக்கு மலாயிலும்
சுகுணேசனுக்குத் தமிழிலும் சொல்வது என் பாடு.
சம்பளத்தில் அதற்குத் தனி வெள்ளி இல்லை.

லீட் டைம் என்றால்,
நாம் கேட்டதற்கும் கப்பல் கிள்ளான் சேர்வதற்கும் நடுவே
ஜனங்கள் நம்மைத் திட்டும் நாட்கள்.
டெட் ஸ்டாக், போன தீபாவளிக்கு வந்து
இந்தத் தீபாவளியையும் இங்கேயே பார்த்துவிட்ட
நாற்பத்திரண்டு ஊதா விளக்குச் சரங்கள்.
டிராப்ஷிப்பிங்?
பொருளைத் தொடாமலே விற்பது.
"கல்யாணத் தரகர் மாதிரியாக்கா?"
ஆமாம்டா. இங்கே மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் வழி உண்டு.

சேஃப்டி ஸ்டாக் மட்டும் எனக்கே சரியாக வரவில்லை.
எதிர்பாராததற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைப்பது,
அப்படித்தான் சொன்னேன்.
எதிர்பாராதது எவ்வளவு வரும் என்றான் சுகுணேசன்.
தவுக்கேயிடம் அதற்கொரு சூத்திரம் இருக்கிறது.
கணினி போடும். நமக்கு வேண்டாம்.

பள்ளி திறக்க ஒன்பது நாள்.
கறுப்புக் காலணி, இருபத்தெட்டாம் அளவு,
பி அலமாரி, மூன்றாம் தட்டு,
கடைசி ஒரு ஜோடி.
பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஓர் ஆர்டர்.
நாற்பத்தொன்றுக்கு இன்னொன்று, வேறு செயலியில்.
இரண்டு செயலியும் பேசிக்கொள்ளக் கால்மணி நேரம் ஆகும்.
அதற்குள் ஒரு ஜோடி இரண்டு தடவை விற்றாயிற்று.

முதலாவது கோகிலவாணி த/பெ ரெங்கன்,
இரண்டாம் டிவிஷன், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் லயம்.
சாமான் வந்ததும் பணம்.
இங்கிருந்து ஆறு கிலோமீட்டர்.
இரண்டாவது ஷா ஆலம். பணம் வந்துவிட்டது.
தாளில் விதி இருக்கிறது, கட்டியவருக்கே முதலில்.
ஷா ஆலத்துக்குக் கட்டினேன்.
நாடா கிழியும் சத்தம்
வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.
திரையில் கையிருப்பு: -1.

இல்லை என்றால் பூஜ்யம், அது தெரியும்.
பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிப்போன அந்த ஒன்றைப்
பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்றேன்.
ரத்துப் பொத்தானை அழுத்தினால் போதும்.
தானாக ஒரு மன்னிப்புப் போகும்,
மலாயில், ஒரு பூப்படத்தோடு.
அழுத்தவில்லை.
ஐந்தரைக்கு மோட்டாரை எடுத்தேன்.

முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி,
அதன் சேறு முழுக்க என் கண்ணாடியில்.
கடைசி மைல், தாளில் ஒரே வரியில் முடிகிறது.
இங்கே பாலம், ஜாகாவின் தடுப்புக் கம்பி,
மூன்று நாய்கள்,
ஒரே எண்ணில் இரண்டு வீடுகள்.

கோகிலவாணி ஈரக் கையோடு வந்தாள்.
சாமான் இல்லை, மன்னிக்கணும் என்று தொடங்கினேன்.
முடிக்க விடவில்லை.
"பரவால்லக்கா. மூணு கடையில போட்டு வச்சிருக்கேன்.
ஒன்னு மழையில நின்னுரும், ஒன்னு சைஸ் மாறி வரும்.
மொத வர்றத எடுத்துக்கிட்டு
மத்தத வேணாம்னு திருப்பி விட்டுருவேன்."
வாசலில் பிரித்த பெட்டி ஒன்று கிடந்தது.
உள்ளே ஒரு பொடியன்
கறுப்புக் காலணியோடு கட்டில்மேல் நடந்துகொண்டிருந்தான்,
அடி அழுக்காகக் கூடாதென்று.

எங்கள் கிடங்கின் திரும்பி வந்த சாமான் அலமாரி.
காரணக் குறியீடு ஏழு: பெற மறுத்தார்.
மாதம் அறுபது, எழுபது வரும்.
கெட்ட மனசு ஜனங்கள் என்பார் தவுக்கே,
நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டேன்,
மூணு போதும்னு எப்படிக் கணக்குப் போட்டே?

"போன வருசம் ரெண்டு போட்டேன்," என்றாள்.