ஒன்பது நாற்பது

லாபிஸ் ரயில் சடக்கை ஒட்டி
அல்போன்ஸ் டயர் கடை.
பகலில் பஞ்சர். சனிக்கிழமை இரவானால்
டயர்களைச் சுவரோரம் அடுக்கிவிட்டு
பாதி இறக்கிய கதவுக்குள் பாட்டு.

தொடங்கியது எழுபத்தெட்டில் என்பார்கள்.
என் மூணஞ்சு நோட்டின் முதல் பக்கத்தில்
எண்பது மார்ச்:
"கித்தார் கம்பி ஒன்று, நாலு வெள்ளி,
மாணிக்கராவ், பாக்கி."
அதற்கு முந்தியதற்கு நான் பொறுப்பில்லை.

அல்போன்ஸ் பாடமாட்டான். காதும் சுமார்தான்.
வைத்தது ஒரே சட்டம்:
சினிமாப் பாட்டென்றால் மைலோவுக்குக் காசு,
சொந்தப் பாட்டென்றால் சும்மா.
ஓசி மைலோவுக்காகவே
எத்தனை மோசமான பாட்டுகள் பிறந்தன!
செம்பனைக் குலையைக் காதலியாக்கினான் ஒருவன்.
மண்டோர்மேல் ஒன்பது சரணம் வசை பாடினான் இன்னொருவன்
(மண்டோர் மகன்தான்).
நானும் மூன்று மாதம் டிரம்ஸ் அடித்தேன்.
பிறகு நாற்காலி எடுத்துப்போடச் சொன்னார்கள்.

மைக், மீன் சந்தை ஆ சொங் கொடுத்தது.
யார் குரலும் அதில்
மீன் விலை சொல்வதுபோலவே ஆரம்பிக்கும்.

ஒன்பது நாற்பதுக்குச் சிங்கப்பூர் மெயில்.
நாற்பது நொடி
டயர்கள் நடுங்கும், கிளாசில் மைலோ அலையும்,
பாடுகிறவருக்கு வாய் மட்டும் அசையும்.
ரயிலைத் திட்டிவிட்டுப் போவார்கள்.
அடுத்த சனி மறுபடி வருவார்கள்.

இரண்டாம் டிவிஷன் பவளக்கொடி திட்டவில்லை.
பதினாறு வயது, நகக்கண்ணில் காய்ந்த கித்தாப் பால்.
முதல் சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
ரயில் நீளத்துக்கு இடம் விட்டு
ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள்.
வண்டி தாமதமா என்று ஸ்டேஷனுக்கு ஓடிக் கேட்டுவர
ஆளும் வைத்துக்கொண்டாள்.
அந்த ஆள் நான்.

தோட்டத்தைத் துண்டு போட்டார்கள்.
லயம் காலியானது. அல்போன்சுக்குக் கண் போனது.
பாதிக் கதவு ஒருநாள் முழுசாக இறங்கியது.
இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள்.
மின்சார ரயில் வருவதும் தெரிவதில்லை.

போன வருஷம் கோலாலம்பூரில்
ஆயிரம் நாற்காலி அரங்கு;
ஒன்றைக்கூட நான் எடுத்துப்போடவில்லை.
பவளக்கொடி முதல் சரணம் முடித்தாள்.
நின்றாள்.
மைக் போச்சென்று ஒருவன் மேடைக்கு ஓடினான்.
முன்வரிசையில் இருமல். அங்கங்கே போன் வெளிச்சம்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.
இன்னும் வாய் திறக்கவில்லை அவள்.
வயிற்றில் எனக்குப் புளி கரைந்தது.

பக்கத்து நாற்காலியில் அல்போன்ஸ்
தொடையில் விரலால் தட்டிக்கொண்டே
"பொறுடா" என்றான்.
"கார்டு பெட்டி இன்னும் போகலை."