மூக்குத்தி தேடிய தரவை

காதோரம் கொசு. முழங்காலுக்குக் கீழே ஈரம்.
சேதுக்கரை போகும் சாலைக்குத் தெற்கே
கலுங்கு தாண்டிய தண்ணீர்
கடலுக்குப் போக மனமில்லாமல்
தங்கிவிட்ட தரவையில்
நானும் சேதுராக்கும்
தவழ்ந்துகொண்டிருந்தோம்.

ஆட்டுக்குப் புல் அறுக்க வந்தவள்
வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.
அவ்வளவுதான்.
திருகு எப்போது கழன்றதோ.
கீழக்கரை அடகுக்கடையிலிருந்து
மீட்டுப் பதினோரு நாள்.
கட்டிய வட்டி எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை.
அவளுக்கும் தெரியும், என்னிடம் சொல்லவில்லை.

"வெயில் சாஞ்சா மின்னும்" என்றாள்.
சாய்ந்தது.
எல்லாமே மின்னியது.
நத்தை ஓடு, உப்புப் பூத்த மண்கட்டி,
யாரோ தின்று போட்ட மிட்டாய்த் தாள்,
உள்ளான் நடந்த தடத்தில் தேங்கிய
சொட்டுச் சொட்டு வானம்.

பிறகு கோரை இடுக்கில்
மஞ்சளாய் ஒரு பொட்டு.
"கிடைச்சிருச்சு!" கத்திவிட்டேன்.
அவள் ஓடிவந்த வேகத்தில்
சேறு என் வாய்க்குள் தெறித்தது.
விரல் நுனியால் தொட்டேன்.
வளைந்து கொடுத்தது.
தங்கம் வளையாது.

பூ.
விரல் உயரத் தண்டு, அடியில் லேசாய்ச் சிவப்பு.
இலை புல்லுக்குள் புல்லாய் ஒளிந்திருந்தது.
உச்சியில் டவுன் பஸ் கூட்டம் மாதிரி
நெருக்கியடித்து வெள்ளை,
ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவு,
உள்ளே ஒரு மஞ்சள் உதடு.

அந்த உதட்டை எனக்குத் தெரியும்.

பதினாறு வருசமாய்க் கல்யாண மேடை கட்டுகிறேன்.
பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பெட்டி வரும்.
காம்புக்கு ஒரு குப்பி, குப்பிக்கு ஒரு வாய்த் தண்ணீர்.
ஊதா. எலுமிச்சம்பழ அகலம்.
ஒன்று கசங்கினால் என் கூலியில் கசங்கும்.
எத்தனை ஆயிரம் உதடுகளைக்
கம்பியில் வைத்துக் கட்டியிருப்பேன்,
கண்ணை மூடினாலும்
கட்டைவிரல் சொல்லிவிடும்.

"ஆர்க்கிட்டுடி இது."
"மூக்குத்தியத் தேடுங்க."

ஆனால் அவளும் நகரவில்லை.
குனிந்த தலை குனிந்தபடியே,
"இந்தா இங்க ஒண்ணு" என்றாள்.
அப்புறம் எண்ணிக்கை போய்விட்டது.
மிதித்த இடத்தில் இருந்தது, மிதிக்காத இடத்தில் இருந்தது,
அறுத்துக் கட்டிய புல்கட்டிலும் இருந்தது.
தை பிறந்தால் எங்கள் வீட்டு ஆடு
மேடைப் பூவைத்தான் மேய்ந்திருக்கிறது
ஜமீன் ஆடு மாதிரி.
சேதுராக்கு சிரித்தாள்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நம்ம ஊருல இதுக்கு என்ன பேரு?"
தெரியாது.
பெட்டியில் வருவதற்குத்தான்
பேரும் விலையும் ஒட்டியிருக்கும்.

இருட்டும் வரை தேடினோம்.
எதை என்று கேட்டால் சொல்ல வராது.

மறு வாரம் தேவிபட்டினத்தில் மேடை.
இருநூறு ஊதா.
ஒவ்வொன்றாய்ச் செருகும்போது
பெரிதாய், ரொம்பப் பெரிதாய்,
கூப்பாடு போடுகிற மாதிரி இருந்தது.
பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், மூக்கை மட்டும்.
பார்க்கக் கூடாதுதான்.

மாசிக் கடைசியில் தரவை வெடித்துவிட்டது.
சருகாகி நின்ற ஒரு தண்டைச் சுண்டினேன்.
புகை மாதிரி ஏதோ எழுந்து
கடல் பக்கம் போனது.
விதையா, மண்ணா,
கையில் ஒட்டவில்லை.

சேதுராக்கு மூக்கில்
விளக்கமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்துச் செருகியிருக்கிறாள்.
விட்டால் துளை தூர்ந்துவிடுமாம்.
இன்னொன்று வாங்கலாம் என்றேன்.
"மழை பெய்யட்டும்" என்றாள்.
மழைக்கும் மூக்குத்திக்கும் என்ன?

ஞாயிற்றுக்கிழமை அவளைக் காணோம்.
ஆடு கத்துகிறது.
அரிவாள் கூரையில் செருகினபடி இருக்கிறது.
திரும்பி வருகிறாள்,
முழங்கால் இரண்டிலும்
தரவைப் புழுதி.